புதுப்பிப்பு: யன்னல் மூலையில் ஏறிக்கொண்டே போன தகைப்பு

போன கிழமை கேட்டிருந்தேன்: மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பைக் கணினியில் மாதிரியாக்கினேன், வலையை (கணக்குக்காகச் சுவரைப் பிரித்த சின்னக் கட்டங்களை) சிறிதாக்கச் சிறிதாக்க மூலையில் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) ஏறிக்கொண்டே போகிறது, எங்கே பிழை என்று.

பிழை வலையில் இல்லை. கூர்மையான உள்மூலையில் மீள்தன்மைக் கணக்கு (பொருள் உடையாமல் நீண்டு மீளும் என்று கொள்வது) தரும் தகைப்புக்கு எல்லையே கிடையாது. வெடிப்பு நுனியிலும் அப்படித்தான்: நுனிக்குள்ள தூரம் நான்கில் ஒன்றானால் தகைப்பு இரண்டு மடங்காகும். ஒரு திசையில் இழுக்கும் அகலமான தகட்டில் சின்ன வட்டத் துளை என்றால், துளைக்குத் தூரத்திலுள்ள தகைப்பின் மூன்று மடங்கோடு நின்றுவிடும். அதனால்தான் மூலையை வளைத்துப் பார்க்கச் சொன்ன அண்ணாவின் யோசனையில் எண் நிலைத்தது.

ஆனால் சுவர் ஏற்கெனவே வெடித்துவிட்டதே! அதற்கு 1921இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் கிரிஃபித் கண்ணாடியை வைத்துக் காட்டிய வழிதான் சரி: வெடிப்பு நீளும்போது விடுபடும் சக்தி, புதிய மேற்பரப்பு உருவாகப் போதுமா என்று பார்ப்பது. சாந்து கண்ணாடிபோல ஒரேயடியாக உடைவதில்லை. நுனிக்கு முன்னால் நுண்வெடிப்புகள் பரவும். ஆகவே வெடிப்பு அகல அகல இழுவிசை படிப்படியாகக் குறையும் மாதிரியைப் போட்டேன். இப்போது வலையை மாற்றினாலும் விடை அசையவில்லை. எனக்குப் பெரிய சந்தோசம்.

அப்புறம், வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதியிருக்கிறேன். மாரி மழை முடிய மறுபடி அளப்பேன்.