குன்னூரில் 4 சென்ட் சரிவு மனை: கட்டட அனுமதிக்கு எங்கிருந்து தொடங்குவது?

குன்னூர்_மனை:
குன்னூர் நகராட்சி எல்லைக்குள் 4 சென்ட். ரோட்டுப்பக்கம் 30 அடி, உள்நீளம் 58 அடி. ரோட்டிலிருந்து பின்பக்கம் போகப்போக சுமார் 14 அடி ஏறுகிறது. கிரயப் பத்திரம் 2014இல் பதிவானது, பட்டா இன்னும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது. கீழும் மேலும் சேர்த்து 1,100 சதுர அடிக்குள் வீடு, மேலே ஓட்டுக்கூரை. பின்பக்கம் மூன்று சில்வர் ஓக் நிற்கிறது. கோவை இன்ஜினியர் ஒருவர் பிளான் போட்டுக் கொடுத்து, ஆன்லைனில் ஏற்றினால் சீக்கிரம் வந்துவிடும் என்கிறார். ஹாக்கா, டிரிபிள் ஏ கமிட்டி என்றெல்லாம் பேசுகிறார்களே, எனக்கு எது பொருந்தும்? மண் எடுக்க ஜேசிபி விடலாமா?

சர்வே_எண்:
பிளானை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். உங்கள் முதல் வேலை பட்டா. அனுமதி கேட்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் மனு முதல் பார்வையிலேயே திரும்பிவிடும்.

4 சென்ட் என்றால் 1,742 சதுர அடி. பெரிய சர்வே எண்ணிலிருந்து பிரித்து வாங்கிய துண்டாக இருந்தால் வெறும் பெயர் மாற்றம் போதாது, உட்பிரிவுடன் பட்டா மாறுதல் கேட்க வேண்டும். சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில் (வருவாய்த் துறையின் நில அளவை வரைபடம்) உங்கள் துண்டுக்குத் தனி எண் விழுந்த பிறகுதான் மனைக்கு உருவம் வரும். நகராட்சிக்குள் இருப்பதால் டவுன் சர்வே எண்ணையும் பாருங்கள். பழைய பத்திரத்தில் பழைய சர்வே எண் மட்டும் இருக்கும், வருவாய்ப் பதிவில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்று காட்டும் டவுன் சர்வே பதிவேட்டு நகலைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட அதிகம் சிக்குவது பரப்பளவில். பத்திரத்தில் 4 சென்ட், சர்வேயர் சங்கிலியில் 3.7 சென்ட் வரும். சரிவு நிலத்தில் டேப்பைத் தரையோடு படிய வைத்து அளந்ததே காரணமாக இருக்கும். சர்வே கணக்கு கிடைமட்ட அளவுதான். உங்கள் 58 அடி தரையோடு அளந்ததென்றால் 14 அடி ஏற்றத்துக்கு அது கிடைமட்டத்தில் ஏறக்குறைய 56 அடி 3 அங்குலம்தான். பிளானில் 58 என்று போட்டு, புலப்படத்தில் 56 இருந்தால் பின்பக்கம் விட வேண்டிய இடம் குறைகிறது என்று எழுதிவிடுவார்கள்.

மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதையும் கேளுங்கள். பெறாததென்றால், 20.10.2016க்கு முன் கிரயமானதால் உங்களுக்கு வரன்முறை, அதாவது அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்திக்கொள்ளும் வழி உண்டு. மலைப்பகுதிக்கு அதற்குத் தனி விதி 2020இல் வந்தது. மனு வாங்குகிறார்களா என்று நகரமைப்புப் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள். அதே மேசையில் குன்னூர் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் சர்வே எண் எந்த உபயோகத்தில் வருகிறது என்றும் பார்த்துவிடலாம். குடியிருப்பு என்றிருந்தால் நிம்மதி. விவசாயம் என்றிருந்தால் நில உபயோக மாற்றம் முடியாமல் வீட்டுக்கு மனு போடுவது வீண் செலவு.

வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போடுங்கள். தாய்ப்பத்திரத்தில் எஸ்டேட் நிலம் என்று வந்தால் நில உச்சவரம்புச் சட்டத்தில் தோட்டப் பயிருக்கு விலக்குப் பெற்ற நிலமா என்று வக்கீலிடம் காட்டாமல் ஒரு செங்கல்கூட இறக்க வேண்டாம். கூடலூர் பக்கம் வாங்க நினைப்பவர்களுக்கும் சொல்லி வைக்கிறேன்: 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலம் வேறு கதை. அங்கே உரிமையே தீராத வழக்கு.

கல்கட்டு:
கோவை இன்ஜினியர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் சமவெளிக் கணக்கு இங்கே உதவாது. மலை நகரங்களுக்கு 1993இல் வந்த தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. அதில் எல்லோரும் முட்டிக்கொள்வது 7 மீட்டர் உயர வரம்பில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பீடம் (தரையிலிருந்து வீட்டுத் தளம் வரை) 0.45 மீட்டர், கீழ்த்தளம் 3, நடுவில் சிலாப் 0.12, மேல்தளச் சுவர் 3. இதுவே 6.57 ஆகிவிட்டது. அகலம் 6 மீட்டர், கூரைச்சாய்வு 20 டிகிரி என்றால் முகடு இன்னும் 1.09 மீட்டர் எழும்பும். மொத்தம் 7.66. முகடு வரைக்கும் 7க்குள் அடக்கிவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அதற்கு வழி: பீடம் 0.30, கீழ்த்தளம் 2.75, சிலாப் 0.12, மேல்தளச் சுவர் 2.40, முகடு 1.09. கூட்டினால் 6.66. மேல்தளத்தில் தட்டையான சீலிங் போடாமல் கூரைச்சாய்வோடு பலகை அடித்தால் நடுவில் தாராளமாகத் தலை நிமிரலாம், குளிருக்கும் நல்லது.

இன்னொன்று, குறுக்குவெட்டுப் படத்தில் இயற்கைத் தரைக்கோட்டையும் வெட்டிய பிறகு வரும் கோட்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ரோட்டுப்பக்கம் தாழ்வாக இருப்பதால், தூண் தூக்கி அடியில் கார் நிறுத்த இடம் என்று வைத்தால் ரோட்டிலிருந்து பார்க்க மூன்று மாடி ஆகிவிடும். உயரத்தைத் தாழ்ந்த பக்கத்திலிருந்தே எண்ணிக்கொண்டு வரைவதுதான் பாதுகாப்பு.

14 அடியை ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு படிக்கட்டாக, ஒவ்வொன்றும் 2 மீட்டர் சுமார் வரும்படி பிரியுங்கள். குன்னூர், கோத்தகிரி மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், பார்த்தால் பாறை மாதிரி இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர் இறங்கியதும் எடை கூடி, பிடிப்பு விட்டு ஒரே வழியாக வந்துவிடும். 1993 நவம்பர் மரப்பாலம் நிலச்சரிவும், 2009 நவம்பர் நிலச்சரிவுகளும் இந்த மாவட்டம் பார்த்ததுதான்.

2 மீட்டர் தடுப்புச்சுவருக்கு, 1:6 சிமென்ட் கலவையில் கருங்கல் கட்டு என்றால், அடி அகலம் 1.0 முதல் 1.2 மீட்டர், மேல் அகலம் 0.45. சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. ஜல்லி நிரப்பு. நீர் வெளியேற 75 மி.மீ. பிவிசி பைப் 1.5 மீட்டருக்கு ஒன்றாக, வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சாய்த்து. விழுகிற சுவர்களைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் கல் குறை இருக்காது, பைப் இருக்காது. அல்லது பைப் இருக்கும், பின்னால் ஜல்லிக்குப் பதில் வெட்டிய அதே களிமண்ணைத் தள்ளியிருப்பார்கள். மேல் விளிம்பில் ஒரு வாய்க்கால் கட்டி மழைநீரைப் பக்கவாட்டில் இறக்கி ரோட்டோரச் சாக்கடையில் சேருங்கள், பக்கத்து வீட்டுச் சரிவில் விடக் கூடாது. செப்டிக் டேங்க்கின் உறிஞ்சுகுழியைத் தடுப்புச்சுவருக்கு மேற்பக்கம் வைக்கவே கூடாது.

வீட்டு அளவு: இருபக்கமும் 5 அடி விட்டால் அகலம் 20 அடி, நீளம் 27 அடி. ஒரு தளம் 540, இரண்டுக்கும் 1,080. உங்களுக்குச் சரியாக வருகிறது.

குன்னூர்_மனை:
ரொம்ப நன்றி சார். 58 அடி தரையோடு அளந்ததுதான்! மரமும் ஜேசிபியும் மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மேல்மலை:
மரம்: சொந்த நிலத்தில் நின்றாலும் சில்வர் ஓக் உட்பட வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு அனுமதிக்க வேண்டும். மூன்றும் பின்பக்கம்தானே? வீட்டை முன்னால் தள்ளி, மரங்களை அப்படியே விட்டுப் பிளானில் குறித்துவிடுங்கள். வேர் அந்த மேல்படியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வெட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஜேசிபி: மாவட்ட நிர்வாக அனுமதி இல்லாமல் நீலகிரியில் இறக்கினால் வண்டி பறிமுதல் ஆகும். இங்கே கொடைக்கானலிலும் அதே கெடுபிடிதான், போர்வெல்லுக்கும் சேர்த்து. கட்டட அனுமதி கையில் இருப்பது ஜேசிபிக்கு அனுமதி ஆகாது, அது தனி மனு. உங்கள் அளவு மனைக்கு ஆள் வைத்து மண் எடுப்பதே நல்லது. மெதுவாக எடுப்பதால் வெட்டிய பகுதிக்கு உடனுக்குடன் சுவர் ஏற்றலாம். வெட்டு வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் முடித்துவிடுங்கள்.

ஹாக்கா, டிரிபிள் ஏ இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹாக்கா என்பது 1990இல் அரசாணையில் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம். பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவு, பெரிய கட்டடம் என்று வரும்போது வனம், வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கத் துறைகளின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். டிரிபிள் ஏ என்பது கலெக்டர் தலைமையில் மாவட்ட அளவில் கட்டடத் தோற்றத்தையும் அழகியலையும் பார்க்கும் குழு. உங்கள் 1,080 சதுர அடி வீட்டுக்கு எது வேண்டும் என்பதை நகரமைப்பு ஆய்வாளரிடம் சர்வே எண்ணைக் கொடுத்து எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பரப்பைச் சிறியதாகக் காட்டி அனுமதி வாங்கி, பிறகு பின்னால் ஒரு ரூம், மேலே ஒரு காட்டேஜ் என்று இழுக்கவும் வேண்டாம். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவு நோட்டீஸ் வந்தால் சீல்தான். 2019இல் கொடைக்கானலில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தபோது அதற்கு விதிவிலக்கு கேட்டு நின்ற கூட்டம் பெரிது.

சர்வே_எண்:
ஒன்று விட்டுப்போனது. ஆன்லைனில் ஏற்றும் முன் பிளானில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி குறித்திருக்கிறதா பாருங்கள், தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். கட்டணத்தில் தொழிலாளர் நல நிதி, கட்டுமானச் செலவில் 1 சதவீதம், தனி இனமாக வரும். அதைத் தவறு என்று நினைத்து மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். பட்டா மாறுதல் மனு எண் கிடைத்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், சர்வேயர் வரும் நாளில் எல்லைக்கல் எங்கெங்கே காட்டச் சொல்ல வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.