லிஸ்ட்டை செட்டா மாத்துனா சரியாயிடுமா? யாரு சொன்னா?

மாடசாமி_டிபி
நேத்து ஒரு பையன் ஹைபர்னேட்ல (ஜாவா ஆப்ஜெக்ட்டை டேட்டாபேஸ் டேபிளோட இணைக்கற ஓஆர்எம் லைப்ரரி) மல்டிபிள் பேக் ஃபெட்ச் எக்ஸெப்ஷன்னு ஒரு எர்ரர் வருதுன்னு கேட்டான், அதுக்கு இங்க ஒருத்தர் "லிஸ்ட்டை செட்டா மாத்துங்க, சரியாயிடும்"னு ஒரே வரியில பதில் போட்டுட்டுப் போயிட்டார் (லிஸ்ட்ல ஒரே பொருள் ரெண்டு தடவை வரலாம், செட்ல ஒரு தடவை தான்), கீழ வரிசையா நன்றி ப்ரோ, நன்றி ப்ரோ. பார்த்ததும் பத்திக்கிட்டு வந்துச்சு. சரியாகாதுங்க. எர்ரர் தான் போகும்.

போன மாசம் இதே வேலையைப் பண்ணி வச்ச ஒரு சிஸ்டத்தை ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆர்டர்னு ஒரு என்டிட்டி (டேபிளுக்கு ஈடான ஜாவா க்ளாஸ்), அதுல ஐட்டம்ஸ் ஒரு கலெக்ஷன், ஸ்டேட்டஸ் ஹிஸ்டரி ஒரு கலெக்ஷன், ரெண்டையும் ஒரே க்வெரியில ஜாயின் ஃபெட்ச், அதாவது டேபிள்களைச் சேர்த்து ஒண்ணா எடுக்கறது. ஒரு ஆர்டர்ல 40 ஐட்டம், 12 ஸ்டேட்டஸ். வர வேண்டியது 52 ரோ (டேபிள் வரிசை). வந்தது 40 x 12 = 480. ஒவ்வொரு ஐட்டமும் 12 தடவை நெட்வொர்க்ல ஏறி வந்து, ஜாவா பக்கம் செட்டுக்குள்ள விழுந்து காணாமப் போகுது. இந்த மாதிரி 20 ஆர்டர் எடுத்தா 9600 ரோ. இதுக்குப் பேரு சரியாயிடுச்சா?

ஸ்பிரிங்_செல்வம்
அந்த "ஒருத்தர்" நான் தான், பேரைச் சொல்லியே எழுதலாம், பயப்பட வேண்டாம். அந்தப் பையனுக்கு ஆப் ஸ்டார்ட்டே ஆகல, ரெண்டு லிஸ்ட்லயும் ஈகர் (கூடவே உடனே லோட் பண்ணுங்கறது) போட்டு வச்சிருந்தான். அவன் கேட்டது எர்ரர் எப்படிப் போகும்னு. நான் சொன்னதும் போச்சா இல்லையா? போச்சு. அப்போ சரியாயிடுச்சு. அவன் 9600 ரோ பத்தி கேட்கவே இல்ல.

மாடசாமி_டிபி
புண்ணுக்குப் புனுகு பூசுன கதை தான் இது. அந்த எர்ரர் ஏன் வருதுன்னு யோசிச்சீங்களா? வரிசை நம்பருக்குன்னு தனி காலம் (column) இல்லாத லிஸ்ட்டை ஹைபர்னேட் பேக்னு எடுத்துக்கும், பேக்னா ஒரே பொருள் ரெண்டு தடவை இருக்கலாம். ரெண்டு பேக்கை ஒரே நேரத்துல ஜாயின் பண்ணா வர்ற ரோல எது நெஜமாவே ரெண்டு தடவை இருக்கறது, எது பெருக்கல்ல வந்தது, அதால பிரிச்சுப் பார்க்க முடியாது, அதனால தான் மாட்டேன்னு நிக்குது. நீங்க அந்த காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டு திருட்டே நடக்கலங்கறீங்க. நாங்க ஹைபர்னேட் 3ல எக்ஸ்எம்எல் மேப்பிங் எழுதுன காலத்துல பேக்னு ஒரு டேக், செட்னு ஒரு டேக், கையால டைப் பண்ணணும், அப்போ எல்லாருக்கும் வித்தியாசம் தெரிஞ்சுது. இப்போ அனோட்டேஷன் வந்து எல்லாம் மறைஞ்சு போச்சு.

ஸ்பிரிங்_செல்வம்
ஆரம்பிச்சுட்டார் எக்ஸ்எம்எல் புராணத்தை. அண்ணே, ஒரு ஆர்டர்ல ஒரே ஐட்டம் ரோ ரெண்டு தடவை வருமா? வராது. அப்போ அது செட் தான், மாடலே அப்படித் தான் இருக்கணும். லிஸ்ட் போட்டது தான் மொதல் தப்பு. அப்புறம் எல்லா கடையிலயும் 40 ஐட்டம் ஆர்டர் வராது. 3 ஐட்டம் 2 ஸ்டேட்டஸ்னா 6 ரோ, தனித்தனியா எடுத்தா 5 ரோ. ஒரு ரோவை மிச்சம் பிடிக்க இன்னொரு க்வெரியா?

வெறும்_எஸ்க்யூஎல்
ரெண்டு பேரும் சண்டை போடறதைப் பார்த்தா ஓஆர்எம்மே வேணாம்னு நான் எவ்வளவு நாளா சொல்றதுக்கு இதை விட சாட்சி தேவையில்ல. ஜேடிபிசி டெம்ப்ளேட்ல (நேரடியா எஸ்க்யூஎல் எழுதற வழி) ரெண்டு செலக்ட் எழுதினா பத்து நிமிஷ வேலை.

மாடசாமி_டிபி
எஸ்க்யூஎல் சார், அதே ரெண்டு டேபிளை நீங்க கையால ஒரே செலக்ட்ல ஜாயின் பண்ணாலும் அதே 480 ரோ தான் வரும், பெருக்கல் ஓஆர்எம் கண்டுபிடிச்சது இல்ல. நடுவுல வராதீங்க.

செல்வம், மாடல்ல செட் வைங்க, யார் வேணாம்னா. மாத்துனா சரியாயிடும்னு சொன்னீங்களே, அது தான் பிரச்சனை. இன்னைக்கு 3 ஐட்டம் இருக்கற ஆர்டர்ல நாளைக்கு ஹோல்சேல் கடைக்காரன் 200 ஐட்டம் போடுவான், அன்னைக்கு எர்ரர் வராது, சர்வர் தான் மெதுவா சாகும்.

நிலா_தேவ்
எனக்கு ஒரு சந்தேகம், தப்பா நினைக்காதீங்க. நான் செட்டா மாத்துனேன், எங்க டேட்டா சின்னது தான், வேகமா தான் இருக்கு. ஆனா புது ஐட்டம் சேர்த்து சேவ் பண்ணதும் அதே ஐட்டம் செட்ல இருக்கான்னு கன்டெயின்ஸ் வச்சுப் பார்த்தா இல்லங்குது. பிரின்ட் பண்ணா இருக்கு. அரை நாள் போச்சு.

மாடசாமி_டிபி
பாருங்க பாருங்க! வந்துச்சு பாருங்க! நிலா, உங்க ஹாஷ்கோடு (செட் எந்த டப்பால வைக்கணும்னு சொல்ற நம்பர்) ஐடியை வச்சு தானே எழுதியிருக்கீங்க? சேவ் பண்றதுக்கு முன்னாடி ஐடி நல் (null, காலி), அப்போ ஒரு ஹாஷ், சேவ் ஆனதும் ஐடி வந்துடுச்சு, வேற ஹாஷ். செட் பழைய டப்பால வச்சுட்டு புது டப்பால தேடுது. லிஸ்ட்ல இந்தத் தொல்லையே கிடையாது. செல்வம், அந்த ஒரு வரியில இதை ஏன் எழுதல?

ஸ்பிரிங்_செல்வம்
ஈக்வல்ஸ் (ரெண்டும் ஒண்ணு தானான்னு பார்க்கற மெதட்) எழுதத் தெரியாதது செட்டோட தப்பா? நிலா, ஹாஷ்கோடுல ஒரு நிலையான நம்பரை ரிட்டர்ன் பண்ணுங்க, ஈக்வல்ஸ்ல ஐடி நல் இல்லாதப்போ மட்டும் ஒப்பிடுங்க, முடிஞ்சது. இதுக்குப் போய் இவ்வளவு சத்தம். போன வருஷம் யூயூஐடி ப்ரைமரி கீ திரெட்லயும் இதே தான், அண்ணன் சொன்னதைத் தவிர எல்லாம் தப்பு, கடைசியில என் கமென்ட்டை மாடரேட்டரை விட்டு எடுக்க வச்சாங்க, மறக்கல.

மாடசாமி_டிபி
அதை எடுக்கச் சொன்னது நான் இல்ல, அதை இங்க இழுக்காதீங்க. எடுக்க வேண்டிய கமென்ட் தான், ஆனா நான் சொல்லல.

இன்னொண்ணும் கேளுங்க. மேப்டுபை போட்ட (உறவை ஐட்டம் பக்கமே வச்சிருக்கற) லிஸ்ட்ல ஒரு ஐட்டம் ஆட் பண்ணா ஹைபர்னேட் பழசை லோட் பண்ணாமலே சேர்த்துக்கும். செட்ல ஆட் பண்ணா ஏற்கனவே இருக்கான்னு பார்க்கணுமே, அதுக்காக மொத்த கலெக்ஷனையும் டேட்டாபேஸ்ல இருந்து இழுத்துட்டு வரும். ஒரு இன்சர்ட்டுக்கு ஒரு பெரிய செலக்ட். லாக்ல எஸ்க்யூஎல்லை ஆன் பண்ணி உங்க கண்ணால பாருங்க.

வெறும்_எஸ்க்யூஎல்
இவ்வளவையும் மனப்பாடம் பண்ணி தான் ஒரு இன்சர்ட் எழுதணும்னா... சரி, நான் எதுவும் சொல்லல.

நிலா_தேவ்
அப்போ என்ன தான் பண்றது? லேஸியா (தேவைப்படறப்போ மட்டும் லோட் ஆகற மாதிரி) விட்டா என் ப்ளஸ் ஒன் (N+1: ஒரு க்வெரிக்கு அப்புறம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனி க்வெரி) வருதுன்னு தானே எல்லாரும் ஜாயின் ஃபெட்ச்சுக்கு ஓடறாங்க. எங்க லிஸ்ட் பேஜ்ல வேற 20, 20 ஆர்டரா காட்டணும்.

மாடசாமி_டிபி
பேஜிங் இருக்குன்னா கலெக்ஷனை ஜாயின் ஃபெட்ச் பண்ணவே கூடாது. 20 போதும்ங்கற லிமிட் எஸ்க்யூஎல்ல போகாது, மேட்ச் ஆகற எல்லா ஆர்டரையும் மெமரிக்கு கொண்டு வந்து அங்க வெட்டும், லாக்ல ஒரு வார்னிங் போடும், அதை யாரும் படிக்கறதில்ல. ரெண்டு கலெக்ஷனையும் லேஸியா விடுங்க, டீஃபால்ட் பேட்ச் ஃபெட்ச் சைஸ் 20 வைங்க. ஆர்டருக்கு ஒரு க்வெரி, 20 ஐடியையும் ஒண்ணா சேர்த்து ஐட்டத்துக்கு ஒண்ணு, ஹிஸ்டரிக்கு ஒண்ணு. 41 (1+20+20) க்வெரி 3 ஆயிடும். லிஸ்ட் லிஸ்ட்டாவே இருக்கலாம். நான் அன்னைக்கு ராத்திரி அந்த சிஸ்டத்துல பண்ணது இது தான், 9600 ரோ 1060 ஆச்சு.

ஸ்பிரிங்_செல்வம்
இதை செட் வச்சும் பண்ணலாம். அப்போ லிஸ்ட்டா செட்டாங்கறது பிரச்சனையே இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

மாடசாமி_டிபி
நான் எங்கய்யா ஒத்துக்கிட்டேன்? முதல் வரியில இருந்து அதைத் தானே சொல்றேன், மாத்துனா சரியாகாதுன்னு! மாத்தலன்னாலும் பேட்ச் சைஸ் சரி பண்ணும்!

ஸ்பிரிங்_செல்வம்
அந்தப் பையன் இன்னைக்குக் காலையில மெசேஜ் பண்ணான், ஆப் ஓடுதாம். எனக்கு அது போதும்.

மாடசாமி_டிபி
எத்தனை ரோ வருதுன்னு அவனைக் கேட்டுச் சொல்லுங்க.

ஸ்பிரிங்_செல்வம்
எர்ரர் வரல. அதைத் தான் கேட்டேன்.

மாடசாமி_டிபி
ரோ எத்தனை?