‘நீக்கு’, ‘முடக்கு’ இரண்டும் வேண்டாம், ‘வழியடை’ என்போமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுத்திவைக்கும் குறிப்பில், அந்தச் செயலுக்குத் தமிழில் ‘நீக்கு’ என்றே போடலாம் என்று ஈப்போ அண்ணன் எழுதியிருந்தார். இன்னொருவர் ‘முடக்கு’ போதும் என்றார். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் கணினி வகுப்பு நடத்துகிறோம். எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினிகள். மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டைப் பழக்குகிறோம். ஆனால் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் விண்டோஸோடு ஒட்டிப் பிறந்தது. கூப்பிடாமலே குறுக்கே வந்து நிற்கும். அதனால் ‘அவுட்லுக் எக்ஸ்பிரஸை நீக்குங்கள்’ என்று தாள் அச்சிட்டுக் கொடுத்தேன். வீட்டுக் கணினியையே காரில் ஏற்றி வந்திருந்த பெரியவர் ஒருவர், தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், அதைப் படித்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். “தம்பி, மக அனுப்புன கடுதாசியெல்லாம் இதுலதான இருக்கு? அதுவும் போயிருமா?”

போகாது. கடிதங்கள் டிபிஎக்ஸ் கோப்புகளாக வன்வட்டில் அப்படியே கிடக்கும். அவரைப் பயமுறுத்தியது நான் எழுதிய சொல்.

நடப்பது இதுதான். கண்ட்ரோல் பேனலில் ‘ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ்’ திறந்து, ‘செட் புரோகிராம் ஆக்சஸ் அண்ட் டீஃபால்ட்ஸ்’ போய், ‘கஸ்டம்’ பகுதியை விரித்தால், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பக்கத்தில் ‘எனேபிள் ஆக்சஸ் டு திஸ் புரோகிராம்’ (இந்த மென்பொருளுக்குப் போக வழிவிடு) என்று ஒரு கட்டம் இருக்கும். அமெரிக்க அரசு மைக்ரோசாப்ட் மேல் போட்ட ஏகபோக வழக்கில் சமரசம் ஆன பிறகு, 2002இல் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கோடு (மேம்படுத்தல் தொகுப்போடு) வந்த வசதி அது. அந்த டிக்கை எடுத்தால் ஸ்டார்ட் மெனுவில் பெயர் மறையும், அவ்வளவுதான். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய், அவுட்லுக் எக்ஸ்பிரஸை இயக்கும் எம்எஸ்ஐஎம்என் கோப்பைச் சொடுக்கினால் பழையபடி திறக்கும். அந்தக் கோப்பையே அழித்தாலும், விண்டோஸின் கோப்புப் பாதுகாப்பு சற்று நேரத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும்.

ஆகவே ‘நீக்கு’ என்பது பொய். ‘முடக்கு’ என்றால் எழுந்திருக்கவே முடியாது என்று பொருள், இது எழுந்திருக்கிறதே! மோடத்தையோ ஒலி அட்டையையோ டிவைஸ் மேனேஜரில் நிறுத்துகிறோமே, அதற்கு ‘முடக்கு’ சரி. அதை அங்கேயே விட்டுவைப்போம்.

இதையெல்லாம் பெரியவரிடம் விளக்கியபோது, “அப்ப தோட்டத்து ரோட்டுல சங்கிலி போடுற மாதிரின்னு சொல்லுங்க” என்றார். சங்கிலிக்கு அந்தப் பக்கம் மரமும் இருக்கும், லயமும் (தொழிலாளர் வீட்டு வரிசையும்) இருக்கும். வண்டி மட்டும் போகாது. அப்புறம் அவரே மவுஸைப் பிடித்து டிக்கை எடுத்தார்.

அங்கிருந்துதான் எனக்கு ‘வழியடை’ கிடைத்தது. ஆங்கிலத்திலும் அந்தக் கட்டத்தில் இருப்பது ‘ஆக்சஸ்’தானே, அடைபடுவது வழிதான். புதிதாகக் கட்டிய சொல்லும் இல்லை. 38ஆம் குறளில் ‘வழியடைக்கும் கல்’ இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு ‘வழியடைப்பு’, எதிர்ச்சொல்லுக்கு ‘வழிதிற’. ‘ஆக்சஸ்’ என்பதை ‘அணுக்கம்’ ஆக்கி, ‘அணுக்கத்தைத் தடு’ என்றும் ஒரு யோசனை வந்தது. எங்கள் வகுப்பில் ‘அணுக்கம்’ என்றால் நெருக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு தயக்கம். கட்டளையாக ‘வழியடை’ என்று தனியே நிற்கும்போது, ‘வழியை அடை’, அதாவது போய்ச் சேர், என்று யாராவது படித்துவிடுவார்களோ? ‘வழியை மூடு’ என்று பிரித்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது, ஆனால் பொத்தானில் நீளும். உங்களுக்கு எது படுகிறது? வரும் ஞாயிறு தாளை மறுபடி அச்சிடுகிறேன், அதற்குள் எழுதுங்கள்.