துங்கபத்திராவில் 33 கதவுகளை மாற்ற ஒரு போகமே போக வேண்டுமா?

மதகடி:
கர்நாடகத்தின் துங்கபத்திரா அணையைப் பற்றிக் காவிரிக்கரையான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஒரு சங்கிலி அறுந்ததற்கு 33 கதவுகளையும் மாற்றுவதாம். அதற்காகக் கொப்பள், ராய்ச்சூர், பெல்லாரி விவசாயிக்கு இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் கிடையாதாம். கையாலாகாத பொறியாளர்கள்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் கனரக இரும்பு வேலையில் தலை நரைத்தவன் நான். பேசாமல் இருக்க முடியவில்லை.

2024 ஆகஸ்ட் 10 இரவு அறுந்தது 19-ஆம் கதவின் சங்கிலி. கதவே ஆற்றோடு போய்விட்டது. அணையில் அப்போது முழுக் கொள்ளளவு, சுமார் 105 டி.எம்.சி. நின்றது. அணைக் கதவு நிபுணர் கண்ணய்யா நாயுடுவின் வழிகாட்டலில் ஓடும் தண்ணீரிலேயே ஸ்டாப் லாக் எனும் தற்காலிக இரும்புத் தடுப்புத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, ஒரு வாரத்தில் அடைத்தார்கள். அந்த வேலை எப்படிப்பட்டது என்று கிரேன் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும். பிறகு ஏ.கே. பஜாஜ் தலைமையிலான நிபுணர் குழு வந்து பார்த்துவிட்டு, 33 கதவுகளையும் மாற்றச் சொன்னது. ஒவ்வொன்றும் 60 அடி அகலம், 20 அடி உயரம். அணை முடிந்தது 1953-இல். எழுபது ஆண்டுகள் தண்ணீரில் ஊறிய இரும்பை இன்னும் எத்தனை மழைக்கு நம்புவது?

காவிரிக்கரையான்:
வரலாற்றுப் பாடத்துக்கு நன்றி ஐயா. நான் கேட்டது வேறு. இங்கே யாருமே பதில் சொல்லாததால் மீண்டும் கேட்கிறேன்.

துங்கபத்திராவின் முழு நீர்மட்டம் 1633 அடி. கதவுகள் உட்கார்ந்திருக்கும் மட்டம் 1613 அடி. அதாவது கதவுகள் பிடித்துவைத்திருப்பது மேலே உள்ள 20 அடித் தண்ணீரை மட்டும். 1613-க்குக் கீழே நிற்கும் தண்ணீரைத் தாங்குவது கல் சுவர். 33 கதவுகளையும் கழற்றிக் காயலான் கடையில் போட்டாலும் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு நகராது. கால்வாய் மதகுகளோ அதற்கும் கீழே இருக்கின்றன. அப்படியிருக்க, 1613-க்குக் கீழே இருக்கும் தண்ணீரை வயலுக்கு விடுவதில் கதவு வேலைக்கு என்ன இடையூறு?

ஒரே கேள்வி. பீன்யாவில் இதற்குப் பதில் உண்டா?

வழிப்போக்கன்:
ஆரம்பித்துவிட்டார்கள். தேநீர் போட்டுக்கொண்டு வருகிறேன்.

மதகடி:
உண்டு. 2024-இல் அந்த ஒரு கதவைச் சரிசெய்ய 60 முதல் 65 டி.எம்.சி. வரை வெளியேற்ற வேண்டும் என்று சொன்னார்கள் அல்லவா? 105-இல் அதைக் கழித்துப் பாருங்கள். மீதி நாற்பதை ஒட்டி நிற்கிறது. அதில் வண்டல் போக மிச்சம், ஆவியாவது போக மிச்சம், ஹொசபேட்டை முதல் ராய்ச்சூர் வரை கோடை முழுவதும் குடிக்க வேண்டிய தண்ணீர், ஆந்திராவின் பங்கு, தெலங்கானாவின் பங்கு. எல்லாம் எடுத்து வைத்த பிறகு, நெல்லுக்கு எத்தனை நனைப்புக்கு வரும்? நாற்று விடும்போது தண்ணீர் கொடுத்துவிட்டு, கதிர் வரும்போது கையை விரித்தால் அது விவசாயிக்குச் செய்யும் உதவியா, துரோகமா?

காவிரிக்கரையான்:
அப்படியானால் 1613-க்குக் கீழே தண்ணீர் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

மதகடி:
நான் அதையா சொன்னேன்?

காவிரிக்கரையான்:
இருக்கிறதா, இல்லையா?

கங்காவதி மருமகள்:
இரண்டு பேரும் அடிக்கணக்கு பேசுகிறீர்கள். நான் கங்காவதியில் வாழ்க்கைப்பட்டு, இப்போது பெங்களூர் கே.ஆர்.புரத்தில் இருப்பவள். மாமனார் வீட்டில் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம்தான் அதிகம். சொந்த நிலக்காரருக்கு ஒரு போகம் போனால் வருத்தம். குத்தகைக்காரருக்கு அது கடன். பணத்தை முன்பே எண்ணிக் கொடுத்தவருக்கு, "இந்த முறை தண்ணீர் இல்லை" என்று அறிவித்தவுடன் நிலக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பாரா? பேச்சே எழாது.

நீங்கள் பெங்களூரில் தின்னும் சோனா மசூரி கங்காவதி, காரட்டகி, சிந்தனூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. போகம் இல்லையென்றால் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவருக்கு வேலை இல்லை, நடவுப் பெண்களுக்கு வேலை இல்லை. அவர்கள் எல்லாரும் எங்கே போவார்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக்கு எதிரே எழும்பும் கட்டடத்தில் நீலத் தகரக் கொட்டகை தெரிகிறதே, அங்கேதான். அவர்களிடம் போய் 1613 என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் காவிரிக்கரையான் அவர்களே, கதவை மாற்றாமல் விட்டாலும் எங்களுக்குத்தான் அடி. 2025-இல் பயந்துகொண்டு 80 டி.எம்.சி.க்கு மேல் நிறுத்தவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தும் பிடித்துவைக்க முடியவில்லை. முதலில் காய்ந்தது யார்? மான்வி, சிரவாரா பக்கத்துக் கடைமடைக்காரர்கள். தலைமடையில் இருப்பவன் எப்படியாவது நனைத்துக்கொள்வான்.

காவிரிக்கரையான்:
சகோதரி, நீங்கள் சொல்வது அத்தனையும் என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. 1613-க்குக் கீழே உள்ளதைக் கொடுத்திருந்தால் அந்தக் குத்தகைக்காரர் பாதிப் பரப்பிலாவது சோளமோ கடலையோ போட்டிருப்பார்.

கங்காவதி மருமகள்:
உங்கள் கட்சிக்கு நான் வரவில்லை. என்னைச் சேர்க்காதீர்கள்.

சுர்க்கிப் பேரன்:
எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அந்த அணையைக் கட்டியதே நம் ஆள். மதராஸ் பொறியாளர் திருமலை ஐயங்கார். சிமெண்ட் இல்லாமல், சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்த சுர்க்கிக் கலவையில் கல் கட்டுமானம். முல்லைப் பெரியாறுக்கும் அதே கலவைதான். என் தாத்தா சேலத்திலிருந்து போய் அங்கே கல் உடைத்தவர். சுவரில் ஒரு கல் நகரவில்லை, பார்த்தீர்களா? போனது இரும்பு. கல் நிற்கிறது. இன்றைக்குப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்பவர்கள் ஒரு சங்கிலிக்கு எண்ணெய் போடவில்லை.

மதகடி:
தம்பி, எண்ணெய் போடுவது பொறியாளர் வேலை இல்லை. போட ஆளே நியமிக்காமல் வைத்திருப்பதுதான் பிரச்சினை. இன்னொன்று. ஆற்றின் ஒரு பக்கம் மதராஸ் மாகாணம், மறு பக்கம் நிஜாமின் ஹைதராபாத். 1945-இல் தொடங்கியபோது வேலையே இரண்டு பாதியாகத்தான் நடந்தது. "நம் ஆள் கட்டினான்" என்று முழு அணையையும் பட்டா போட்டுக்கொள்ள வேண்டாம்.

சுர்க்கிப் பேரன்:
தமிழனுக்குப் பெருமை வந்தால் உடனே பாதியாகக் குறைத்துவிட வேண்டும், அப்படித்தானே? திருமலை ஐயங்கார் என்ற பெயரைச் சொன்னதும் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

வழிப்போக்கன்:
தேநீர் ஆறிவிட்டது. இன்னொன்று போடுகிறேன்.

மதகடி:
வலிக்கவில்லை. கட்டியவர் பெருமை கட்டியவருக்கு. பராமரிக்காத பழி நமக்கு. நம்மவர் பெருமை பேசுகிறீர்களே, 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் என்ன நடந்தது? அதை இயக்குவது தமிழ்நாடு. எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்தது, நடு ஷட்டர் போனது, நாள்கணக்கில் தண்ணீர் ஓடியது. அதே சங்கிலி, அதே கதை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது ஷட்டர்கள் கொள்ளிடத்தில் போயின. காவிரிக்கரையான் அந்த ஊர்ப் பக்கம் என்றுதானே சொல்லிக்கொள்வார்? அப்போது "கையாலாகாத பொறியாளர்கள்" என்று எழுதினாரா?

காவிரிக்கரையான்:
முக்கொம்பை இழுக்கிறீர்கள். நல்லது, பேசுவோம். அங்கே மணல் மூட்டை அடுக்கிச் சமாளித்தார்கள். 387 கோடி ரூபாயில் பக்கத்திலேயே புதிய கதவணை கட்டினார்கள். அதற்காக டெல்டாவுக்கு ஒரு போகம் தண்ணீர் கிடையாது என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் எங்கள் ஊரில் சாலையில் வண்டி ஓடியிருக்காது. அங்கே செய்ய முடிந்தது, இங்கே ஏன் முடியவில்லை? ஏனென்றால் 1613 என்ற எண்ணைக் கணக்கில் எடுக்க யாருக்கும் மனம் இல்லை.

மதகடி:
முக்கொம்பு ஆற்றைத் திருப்பிவிடும் தடுப்பு. தண்ணீரைச் சேர்த்துவைக்கும் அணை இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

காவிரிக்கரையான்:
பரம்பிக்குளத்தை நீங்கள் வைக்கலாம், முக்கொம்பை நான் வைக்கக் கூடாதா? சரி, காவிரியில் இருக்கும் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) சேர்த்துவைக்கும் அணைதானே? பெங்களூரில் நாம் குடிக்கும் தண்ணீர் நிற்கும் இடம். அங்கேயும் நூற்றுக்கு மேற்பட்ட பழைய கதவுகளை மாற்றினார்கள். ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்று தலைகீழாக நிற்கவில்லை. ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, பகுதி பகுதியாக. இங்கேயும் கோடைக்கு எட்டு, பத்து என்று மாற்றியிருக்கலாம்.

மதகடி:
கே.ஆர்.எஸ். கதவுகள் சிறியவை, வெவ்வேறு மட்டத்தில் இருப்பவை. இங்கே 33 கதவுகளும் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. நீங்கள் சொல்வதுபோல் கோடைக்கு எட்டு மாற்றினால் நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த ஆண்டுகள் முழுவதும் பழைய கதவுகளை நம்பி 105 வரை நிரப்ப முடியுமா? 80-இல்தான் நிறுத்த வேண்டும். ஆண்டுக்கு 25 டி.எம்.சி. ஆற்றோடு போகும். அதை நான்கால் பெருக்குங்கள். ஒரு போகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான்கு ஆண்டுக் கடைமடையைக் காய வைப்பீர்கள். 2025 ஆகஸ்டில் இன்னும் சில கதவுகளையும் ஏற்றி இறக்க முடியவில்லை என்று செய்தி வந்ததே, படிக்கவில்லையா? கதவு போய்த் தண்ணீர் வீணாவது ஒரு பக்கம். கதவு திறக்கவே மறுக்கும் நேரத்தில் மேலே மலநாட்டில் கொட்டும் மழை ஒரே இரவில் வந்தால் கீழே கம்பிளி, ஹம்பி எல்லாம் என்ன ஆகும்?

காவிரிக்கரையான்:
ஹம்பியைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். எத்தனை பத்தி எழுதினாலும் நீங்கள் தொடாத எண் ஒன்றுதான். 1613.

கங்காவதி மருமகள்:
இவருக்கு இது புதிதில்லை. 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நாம் குடத்தோடு நின்றபோது, "எல்லாம் டேங்கர் லாரிக்காரர்கள் செய்த நாடகம்" என்று எழுதிய அதே கை. அன்றைக்கும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

காவிரிக்கரையான்:
அன்று நான் எழுதியதில் எது தவறு என்று இன்றுவரை ஒருவரும் காட்டவில்லை. டேங்கர் விலை எப்படி இரட்டிப்பானது என்று கேட்டேன். விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்ததா, இல்லையா? ஏன் வைத்தது?

கங்காவதி மருமகள்:
பாருங்கள், தொடங்கிவிட்டார். இப்போது டேங்கர்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். கதவை மாற்றட்டும், மழைக்கு முன் முடிக்கட்டும். ஆனால் போகம் போனவனுக்கு ஈடு எவ்வளவு, அது பட்டாவில் பெயர் இருப்பவனுக்கா, உழுதவனுக்கா? இதைப் பற்றி இங்கே யாராவது ஒரு வரி எழுதினீர்களா? குத்தகைக்குக் காகிதமே கிடையாது. ஈடு கொடுத்தாலும் அது நிலக்காரர் கணக்கில் போய் விழும்.

மதகடி:
அம்மா சொல்வது நியாயம். அது வருவாய்த் துறை விஷயம். நான் இரும்புக்காரன்.

காவிரிக்கரையான்:
"வருவாய்த் துறை விஷயம்." கையைக் கழுவிவிட்டார்! 1613-க்குக் கீழே உள்ள தண்ணீரைக் கொடுத்திருந்தால் ஈடு என்ற பேச்சே வந்திருக்காது. ஈட்டுப் பணத்தைவிடத் தண்ணீர் மலிவு. இதை ஒரு துறையும் கணக்குப் போடாது.

சுர்க்கிப் பேரன்:
இடையில் ஒரு வார்த்தை. மதகடி ஐயா "பாதி ஹைதராபாத்" என்றாரே, அந்தப் பாதியிலும் கல் உடைத்தவர்கள் யார் என்று கேட்டுச் சொல்லட்டும். எங்கள் தாத்தா இரண்டு கரையிலும் வேலை செய்தவர்.

மதகடி:
உங்கள் தாத்தாவின் கையெழுத்து எந்தக் கல்லில் இருக்கிறது என்று படம் போடுங்கள், பார்த்துக்கொள்வோம்.

சுர்க்கிப் பேரன்:
இறந்தவரைக் கிண்டல் செய்கிறீர்கள். இதுதான் உங்கள் பீன்யாப் பண்பாடு.

வழிப்போக்கன்:
சோனா மசூரி விலை ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் யாராவது சொன்னால் இரண்டு மூட்டை வாங்கிப் போட்டுவிடுவேன்.

கங்காவதி மருமகள்:
வாங்கிப் பதுக்குங்கள். உங்களைப் போன்றவர்களால்தான் ஏறும்.

காவிரிக்கரையான்:
மதகடி ஐயா, ஓடி ஒளிய வேண்டாம். நாற்பது டி.எம்.சி. என்று நீங்களே சொன்னீர்கள். அதில் குடிநீருக்கு எவ்வளவு, ஆவியாவது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வரிவரியாக எழுதுங்கள். அதுவரை நான் இங்கேயே இருக்கிறேன்.

மதகடி:
நாளைக்கு ஷிப்டு இருக்கிறது. நீங்கள் இருங்கள்.