பறவைக்கு வடக்கு தெரிவது கண்ணாலா, இரும்பாலா?

வலசை மணி:
பறவை பூமியின் காந்தப்புலத்தை எப்படி உணருதுங்கிற சண்டை முடிஞ்சாச்சு. கண்ணுல இருக்குற, ஒளியை உணர்ற கிரிப்டோகுரோம் புரதம்தான். 2021 நேச்சர் இதழ்ல வந்ததே: வலசை போற சின்னப் பறவையான ஐரோப்பிய ராபினோட கிரிப்டோகுரோம்-4 காந்தப்புலத்தை நல்லா உணருது, வலசை போகாத கோழி, புறாவோடது அந்த அளவுக்கு இல்ல. இன்னும் அலகுல இருக்குற இரும்புத் துகள்தான் காந்தத்தை உணருதுன்னு பேசுறவங்க ஆதாரம் காட்டுங்க.

இரும்புக்கை:
அது சோதனைக்குழாய்ல நடந்தது சார், பறவைக்குள்ள இல்ல. பழ ஈக்கும் கிரிப்டோகுரோம் வழியா காந்த உணர்வுன்னு பல வருஷம் சொன்னாங்க. 2023ல 97,000க்கும் மேல ஈக்களை வச்சு மறுபடி செஞ்சு பார்த்தா, ஒண்ணும் வரல.

வலசை மணி:
ஈயை விடுங்க, ராபினுக்கே வாங்க. ஜெர்மனியில ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்து மரக்குடில்ல வச்ச ராபின்களுக்குத் திசையே பிடிபடல. சுத்தி அலுமினியத் தகடு அடிச்சு எர்த் குடுத்ததும் பிடிபட்டுச்சு. மின்கருவிகள் கசியவிடுற ரேடியோ இரைச்சல்தான் காரணம்னு 2014ல எழுதினாங்க. அவ்வளவு சன்னமான அலை இரும்புத் துகளை அசைக்கவே அசைக்காது, புரதத்தைத்தான் குழப்பும். 2009லயும் பாருங்க: ராபின் மூளையில பார்வைக்கான ஒரு பகுதியைச் சிதைச்சா திசை போச்சு, அலகு நரம்பை வெட்டினா போகல.

இரும்புக்கை:
அதே அலகு நரம்புக்கு வருவோம், 2013. வசந்தகாலத்துல ரஷ்யாவோட கலினின்கிராட் பக்கம், வடகிழக்கே வலசை போற வழியில பிடிச்ச நாணல் கதிர்க்குருவிகளை 1,000 கி.மீ. கிழக்கே கொண்டுபோனாங்க. நரம்பு இருந்ததுங்க இடம் மாறினதைச் சரிக்கட்ட வடமேற்கே திரும்பிக்கிச்சு. வெட்டினதுங்க பிடிச்ச இடத்துலயே இருக்குற நினைப்புல வடகிழக்கையே பார்த்துச்சு. வடக்கு தெரியுது, தான் இருக்குற இடம் தெரியல.

பாலாறு:
ஆமைக்கும் இதே கதைதாங்க. அமெரிக்காவுல வட கரோலினா ஆட்கள் பெருந்தலைக் கடலாமைக் குஞ்சுகளுக்கு ஒரு குறிப்பிட்ட இடத்தோட காந்தப்புலத்துல மட்டும் தீனி போட்டுப் பழக்கினாங்க. அந்தப் புலம் வந்தாலே சோறு வருதுன்னு தண்ணியில ஆட்டம் போடுது! ரேடியோ அலை குடுத்தாலும் ஆட்டம் நிக்கல, ஆனா நீந்துற திசை குழம்பிடுச்சு. 2025ல வந்த ஆய்வு. திசைக்கு ஒண்ணு, இடத்துக்கு ஒண்ணுன்னு நீங்க ரெண்டு பேரும் ரெண்டு தனிப் புலனைப் பத்திப் பேசுறீங்களோன்னு தோணுது.

வலசை மணி:
ரெண்டாவது புலன் இருந்துட்டுப் போகட்டும், அது இரும்புன்னு யார் காட்டினா? புறா அலகுல இரும்பு இருக்குற நரம்பு செல் இருக்குன்னு கொண்டாடினாங்க. 2012ல பார்த்தா அதெல்லாம் மேக்ரோஃபேஜ், அதாவது நோயெதிர்ப்பு செல்.

இரும்புக்கை:
தேடின செல் தப்புன்னுதானே அது காட்டுது? கதிர்க்குருவிக்கு நரம்பு வெட்டினதும் இடம் ஏன் தப்புச்சுன்னு கேட்டேன். அதுக்கு உங்க புரதம் இன்னும் பதில் சொல்லல.