இணையம் சொல்லும் வீட்டு விலையை வைத்துப் பாகம் பிரிக்கலாமா?

பாலாறு75: வேலூர் சத்துவாச்சாரியில் அப்பா கட்டிய தனி வீடு. 1,200 சதுர அடி மனை, மேலே ஒரு மாடி. தம்பி தானே வீட்டை வைத்துக்கொண்டு எனக்குப் பங்குப் பணம் தருகிறேன் என்கிறான். விலைக்கு ஆதாரமாக அவன் காட்டுவது ஓர் இணையதளத்தின் கணிப்பு. அதை நம்பி, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாமா?

டாலஸ் வேலூரான்: தாராளமாக. தெருவில் கேட்டால் ஆளுக்கொரு விலை சொல்வார்கள். கணினிக்குத் தம்பி மேல் பாசமும் இல்லை, உங்கள் மேல் கோபமும் இல்லை, கமிஷனும் கேட்காது. இங்கே அமெரிக்காவில் ஜில்லோ என்ற வீட்டு விற்பனைத் தளம் 2006-லிருந்து வீடுகளுக்கு விலை கணிக்கிறது. இடைநிலைப் பிழை 2 சதவீதம் அளவுதான்.

கொசப்பேட்டை: விற்பனைக்கு வந்த வீட்டுக்குத்தான் அந்த 2. கேட்கிற விலை கண்ணெதிரே இருக்கும்போது கணிப்பதில் என்ன பெருமை? விற்பனைக்கு வராத வீட்டுக்கு ஜில்லோவே சொல்வது 7 சதவீதம் பக்கம். அதுவும் இடைநிலை, அதாவது பாதி வீடுகளில் அதற்கு மேல் தவறுகிறது. தன் கணிப்பை நம்பி அந்தக் கம்பெனியே வீடு வாங்கி விற்கப் போய், 2021 நவம்பரில் அந்தப் பிரிவை மூடி, கால்வாசிப் பேரை வேலையை விட்டு அனுப்புவதாக அறிவித்ததே! அப்புறம், நீங்கள் இருக்கும் டெக்சாஸில் விற்ற விலையை அரசுக்குச் சொல்லும் கட்டாயமே கிடையாது.

டாலஸ் வேலூரான்: 2021-இல் சந்தை ஆடிய ஆட்டத்தில் மனிதர்கள் மட்டும் சரியாகச் சொன்னார்களா? நம் ஊரில் பதிவுத்துறையிடம் எல்லாக் கிரயமும் இருக்கிறதே, அது போதாதா?

பத்திரம் எழுதுபவர்: சிக்கலே அங்கேதான் சார். பத்திரத்தில் ஏறுவது பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு குறித்துவைக்கும் விலையை, ஒட்டிய தொகை. கைமாறுவது வேறு. வழிகாட்டி மதிப்பும் சந்தையோடு நகர்வதில்லை. 2017 ஜூனில் அரசு ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆக்கியது. அந்த இரண்டு நாளிலும் சத்துவாச்சாரியில் ஒரு செங்கல்கூட அசையவில்லை.

இணையதளம் பத்திரத்தை நம்பினால் குறைத்துச் சொல்லும், விளம்பரத்தை நம்பினால் கூட்டிச் சொல்லும். விளம்பரத்தில் அடுக்குமாடி வீடும் கலந்திருக்கும். அங்கே சதுர அடி என்றால் கட்டடம், மண்ணில் பிரிபடாத பங்கு கொஞ்சம்தான். பாலாறு சாருடையது தனி வீடு, விலையில் பெரும்பகுதி மண்ணுக்கு. சர்வீஸ் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனாலே பேச்சு மாறும்.

கொசப்பேட்டை: தோட்டப்பாளையத்தையே பாருங்கள். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடும் வீடும், ஆட்டோ நுழையாத சந்து வீடும் ஒரே சராசரிக்குள் விழும்.

டாலஸ் வேலூரான்: சரி, புரோக்கர் வாய்க்கு வந்ததுதான் விலையா அப்போது?

பத்திரம் எழுதுபவர்: யார் அப்படிச் சொன்னது? வங்கிக் கடனுக்கு மதிப்பீடு செய்கிற பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் ஊரில் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கட்டணம் கொடுங்கள். மனைக்குத் தனியாக, கட்டடத்துக்கு வயது பார்த்துத் தேய்மானம் கழித்துத் தனியாக எழுதித் தருவார்.

பாலாறு75: தம்பியிடம் சொன்னேன். வீண்செலவு என்கிறான். இன்னொரு தளத்தையும் காட்டுகிறான், அதில் இன்னும் குறைவு.

டாலஸ் வேலூரான்: இரண்டுக்கும் சராசரி போடுங்கள்.

கொசப்பேட்டை: அண்ணே, சராசரியெல்லாம் வேண்டாம். அதே விலைக்கு வீட்டை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். மதிப்பீட்டாளரைத் தம்பியே கூட்டிவருவார்.