எஸ்.எஃப்.-86 படிவத்தை இ-ஆப் தளத்தில் நிரப்புவது: நம் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் (அனுபவப் பகிர்வு)

பாலாறு

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அரசு வேலைக்கோ அரசு ஒப்பந்த நிறுவன வேலைக்கோ தேர்வாகி, எஸ்.எஃப்.-86 என்ற பின்னணி விசாரணைப் படிவம் நிரப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்திருப்பவர்களுக்காக இந்த இழை. பொதுவான அறிவுரை வேண்டாம். எந்தப் பிரிவில் என்ன தப்பு வருகிறது, ஏன் வருகிறது என்பதை மட்டும் எழுதுவோம்.

தளத்தைப் பற்றி முதலில். இந்தப் படிவங்களை இணையத்தில் நிரப்ப முன்பு இருந்த இ-க்விப் தளம் இப்போது இல்லை. 2023 அக்டோபரிலிருந்து புதிய படிவங்கள் இ-ஆப் தளத்தில்தான். பழைய அமைப்பை வைத்திருந்த அரசுப் பணியாளர் அலுவலகத்தின் கணினிகளிலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேருடைய பின்னணி விவரங்கள் திருடு போனது 2015-இல் வெளியே தெரிந்தது. அந்த ஆண்டு ஜூன் கடைசியில் இ-க்விப்பையே சில வாரம் மூடி வைத்தார்கள். புதிய அமைப்பு கட்டும் நெருக்கடி அதிலிருந்து வந்ததுதான். அதனால் இரண்டடுக்கு உள்நுழைவு தொல்லையாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அங்கீகாரச் செயலியை எந்தக் கைபேசியில் போட்டீர்களோ, படிவம் முடியும் வரை அதை மாற்றாதீர்கள்.

நாமாகப் போய்க் கணக்குத் தொடங்க முடியாது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி தொடங்கி வைத்த பிறகுதான் உள்ளே நுழைய முடியும். எந்தப் படிவம் என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். சாதாரணப் பணிக்கு எஸ்.எஃப்.-85, பப்ளிக் டிரஸ்ட் (பொது நம்பிக்கை சார்ந்த) பணிக்கு 85பி, செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு (அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதிக்கு) 86. பப்ளிக் டிரஸ்ட் கிளியரன்ஸ் ஆகாது. பயோடேட்டாவில் அப்படிப் போட்டுக்கொள்வது பின்னால் சங்கடம். இங்கே பேசப்போவது 29 பிரிவுகள் கொண்ட 86-ஐப் பற்றி.

நொய்யல்

தளத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் பத்து வருடத்தை மாதம் மாதமாக எழுதிக்கொள்ளுங்கள். இடது பக்கம் வீடு, வலது பக்கம் வேலை. இரண்டிலும் ஒரு மாதம்கூட ஓட்டை இருக்கக்கூடாது. ஓட்டை இருந்தால் தளமே சிவப்புக் கொடி காட்டும்.

வீடு (பிரிவு 11): 90 நாளுக்குக் குறைவான தற்காலிகத் தங்கலை எழுத வேண்டாம். 90 நாளைத் தாண்டினால் எழுத வேண்டும். நம்மவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். 2020 மார்ச்சில் ஊருக்குப் போய் விமானம் நின்றதால் ஐந்து மாதம் அப்பா வீட்டிலேயே இருந்தவர்கள், பிரசவத்துக்காக நான்கு மாதம் அம்மா வீட்டில் இருந்தவர்கள், "அது சும்மா ஊருக்குப் போனதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அதே பயணத்தை 20சி பிரிவில் வெளிநாட்டுப் பயணமாக எழுதும்போது தேதி கணக்கு இடிக்கும். அமெரிக்காவில் வாடகை வீடும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு முகவரியும் ஒரே காலத்தில் இருக்கலாம், தப்பில்லை.

கடைசி மூன்று வருட முகவரிகளுக்கு, நீங்கள் அங்கே குடியிருந்ததை அறிந்த ஒருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் நல்லது. அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் விசாரணை அதிகாரி கூப்பிடும்போது யாரோ மோசடிக்காரன் என்று நினைத்து அவர் போனை வைத்துவிடுவார்.

வேலை (பிரிவு 13ஏ): கன்சல்டன்சி வழியாக வேலை செய்தவர்கள் கவனியுங்கள். முதலாளி என்பது சம்பளம் கொடுத்த நிறுவனம். உடம்பு போய் உட்கார்ந்த இடம் கிளையன்ட் அலுவலகம். படிவத்தில் "வேலை செய்த இடம் நிறுவன முகவரியிலிருந்து வேறா?" என்று தனியாகவே ஒரு கேள்வி இருக்கிறது. நிறுவனம் நியூ ஜெர்சி, கிளையன்ட் வர்ஜீனியா என்றால் இரண்டையும் எழுதுங்கள். கிளையன்ட் பெயரையே முதலாளியாகப் போட்டால், அந்த நிறுவனத்தின் மனிதவளத் துறை "இப்படி ஒருவர் எங்களிடம் இல்லை" என்று பதில் அனுப்பும். அது பொய் போலத் தெரியும்.

பெஞ்ச் காலமும் (ஒரு கிளையன்ட் வேலை முடிந்து அடுத்தது வரும்வரை காத்திருக்கும் காலம்) அப்படித்தான். சம்பளம் வந்துகொண்டிருந்தால் வேலை தொடர்கிறது. சம்பளமும் வேலையும் இல்லையென்றால் அது வேலையின்மை, தனிப் பதிவு, அதை உறுதிசெய்ய ஒருவர் பெயரும் வேண்டும். வேலையின்மைக்காக யாரும் கிளியரன்ஸ் மறுப்பதில்லை. அதை மூடி மறைக்க முன்பின் தேதிகளை நீட்டுவதுதான் ஆபத்து.

காவேரி

பெயர்ச் சிக்கல். இது நமக்கென்றே வந்தது.

முழுப்பெயர் கேட்கும் இடத்தில் பெயரின் ஒரு பகுதி வெறும் இன்ஷியல் எழுத்தாக இருந்தால் அதை எழுதி "இன்ஷியல் மட்டும்" என்று குறிக்க வசதி இருக்கிறது. நடுப்பெயர் இல்லையென்றால் அதற்கும் ஒரு குறி இருக்கிறது. சட்டப்படி இன்றைக்கு உங்கள் பெயர் எதுவோ, அதாவது குடியுரிமைச் சான்றிதழில் இருப்பது, அதுதான் பிரிவு 1.

பிரிவு 5 என்பது வேறு பெயர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், இந்தியப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து, விசாவில் முதல் பெயர் "தெரியாது" என்று விழுந்து, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்து: இவை ஒவ்வொன்றும் ஒரு பெயர். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, ஏன் மாறியது என்று எழுதுங்கள். "தமிழ் வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்து" என்று ஒரே வரி போதும். எழுதாமல் விட்டால் உங்கள் கல்லூரிப் பதிவை விசாரணை அதிகாரியால் கண்டுபிடிக்க முடியாது. பட்டம் உறுதியாகவில்லை என்று கோப்பு தொங்கும்.

பிறந்த ஊர்: பழைய ஆவணத்தில் மெட்ராஸ் என்றும் புதியதில் சென்னை என்றும் இருந்தால், இரண்டில் ஒன்றை எழுதி, 1996-இல் ஊர்ப் பெயர் மாறியதைக் குறிப்புப் பெட்டியில் சொல்லிவிடுங்கள். அப்பா அம்மா பிறந்த தேதி உறுதியாகத் தெரியாவிட்டால் "தோராயம்" என்று டிக் செய்ய இடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதிதான் பலருக்கு. அதைப் போட்டு, தோராயம் என்று குறியுங்கள். குடியுரிமை விண்ணப்பமான என்-400-இன் நகலை எடுத்து வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். அதில் ஒரு தேதி, இதில் ஒரு தேதி என்றால் கேள்வி வரும்.

அமராவதி

எல்லாவற்றையும்விட அதிகமாகக் குழப்புவது உறவுமுறை. நாம் அண்ணன் என்கிறவரெல்லாம் அவர்கள் கணக்கில் அண்ணன் இல்லை.

பிரிவு 18 கேட்பது: பெற்றோர், மாமனார், மாமியார், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மாற்றாந்தாய், மாற்றுத் தந்தை வழியிலும் தத்து, வளர்ப்பு வழியிலும் வரும் அதே உறவுகள், பாதுகாவலர். அவ்வளவுதான். இறந்துபோனவர்களையும் எழுத வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்றே சொல்வோம். 18-இல் அவரைச் சகோதரர் என்று போட்டுவிட்டால், உங்கள் அப்பாவுக்கு இன்னொரு மகன் இருப்பதாக ஆகிவிடும். சித்தப்பா, அத்தை, தாய்மாமன், மைத்துனர், நாத்தனார், கொழுந்தன், சம்பந்தி யாரும் 18-இல் வரமாட்டார்கள்.

அதற்காக அவர்களை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவராக இருந்து, கடந்த ஏழு வருடத்தில் உங்களுக்கோ துணைவருக்கோ பாசம், செல்வாக்கு, பொது ஈடுபாடு, கடமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றால் நெருங்கிய அல்லது தொடர்ந்த தொடர்பு இருந்தால் அவர் பிரிவு 19-க்குப் போகிறார். வாரம் ஒருமுறை வாட்ஸாப்பில் பேசும் தாய்மாமன் நிச்சயமாக 19. குடும்ப வாட்ஸாப் குழுவில் இருக்கும் 140 பேரில் பொங்கல் வாழ்த்து மட்டும் போடுகிறவர் 19 இல்லை. பாசம், கடமை என்ற அந்தச் சொற்களை அளவுகோலாக வைத்து ஒவ்வொருவராகப் பாருங்கள். நம் குடும்பங்களில் பத்துப் பதினைந்து பேர் வருவது சாதாரணம். எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து குறைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் முகவரி, வேலை செய்யும் இடம், எப்போது அறிமுகம், எவ்வளவு நாளுக்கொருமுறை எந்த வழியில் பேசுகிறீர்கள் என்று கேட்கும். ஊருக்குப் போன் செய்து ஒரே நாளில் இவற்றை வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டு அரசோடு இவருக்குத் தொடர்பு உண்டா என்று 18-லும் 19-லும் கேட்கிறார்கள். மின்வாரியத்தில் இருக்கும் மச்சான், அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அக்கா, ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பா: இவையெல்லாம் அரசுத் தொடர்புதான். உளவு வேலையை மட்டும் கேட்கிறார்கள் என்று நினைத்து "இல்லை" போடாதீர்கள். நீங்களே அமெரிக்கா வருவதற்கு முன் இந்திய அரசுத் துறை எதிலாவது வேலை பார்த்திருந்தால் அது பிரிவு 15-இன் கடைசிக் கேள்வியில் வரும். அந்தப் பிரிவின் தலைப்பு ராணுவச் சேவை என்பதால் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். வெளிநாட்டின் "அரசு முகமை" என்ற சொல் அதற்குள்ளே இருக்கிறது.

தாமிரபரணி

அமராவதி சொன்னதோடு பணத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். 20ஏ பிரிவில் "எப்போதாவது" என்ற சொல் வருகிறது. ஏழு வருட வரம்பு அங்கே இல்லை.

என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் கணக்குகள்), பி.பி.எஃப்., ஊரில் வேலை பார்த்தபோது சேர்ந்த பி.எஃப்., இந்தியப் பங்குகள் எல்லாம் வெளிநாட்டு நிதி ஈடுபாடு. மூடிவிட்ட கணக்கும் சேரும். அமெரிக்கச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் பங்கும் பரவலான பரஸ்பர நிதியும் விலக்கு. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்னும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தனியாகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் இங்கே கணக்கை எழுதினால், முதலில் வரிக் கணக்காளரைப் பாருங்கள். இங்கே மறைப்பது தீர்வு இல்லை.

சொத்து: வெளிநாட்டில் எப்போதாவது நிலம் வீடு வைத்திருந்தீர்களா, இனி வரும் என்று எதிர்பார்க்கிறீர்களா என்பது கேள்வி. பத்திரம் தாத்தா பேரில் இருக்கிறது, பாகம் பிரிக்கவில்லை என்பதால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுதுகிறார்கள். கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் பங்கு பிறப்பாலேயே வரலாம். தமிழ்நாட்டில் பெண்களுக்கும் 1989 திருத்தத்திலேயே வந்தது, நாடு முழுதும் 2005-இல். எனவே "பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்து, பங்கு இன்னும் வரையறுக்கப்படவில்லை" என்று குறிப்பு எழுதி, டாலரில் தோராய மதிப்பைப் போடுங்கள்.

மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்பும் பணமும் கேட்கப்படுகிறது: வெளிநாட்டவருக்கு எப்போதாவது பண உதவி செய்தீர்களா என்று. தொகை, எவ்வளவு நாளுக்கொருமுறை, யாருக்கு. பெற்றோருக்கு அனுப்புவது குற்றமில்லை. எழுதுவதுதான் முக்கியம்.

கடன் பற்றிக் கேட்கும் பிரிவு 26-க்கு முன் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் கடன் அறிக்கையையும் எடுங்கள். 120 நாளைத் தாண்டிய பாக்கியில், பிறர் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் உங்கள் கணக்கில்தான் வரும்.

மகாவலி

குடியுரிமையில் இந்தியாவும் இலங்கையும் ஒன்றல்ல. இந்தியாவில் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே, 1955 சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) குடியுரிமை இல்லை, இருந்தாலும் அது இருப்பதைக் குறிப்பில் சொல்லுங்கள். இலங்கையில் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை வைத்திருக்க முடியும். அப்படி எடுத்தவர்கள் பிரிவு 10-இல் "ஆம்". இரு நாட்டவருக்கும் பொதுவானது: பிற நாடு எப்போதாவது பாஸ்போர்ட் கொடுத்ததா என்ற கேள்வி. துளை போட்டு ரத்தான பழைய பாஸ்போர்ட்டும் கணக்கு. எண்ணும் தேதியும் தேவைப்படும், அதனால் ஒப்படைப்பதற்கு முன் எடுத்த நகலைத் தேடுங்கள். வெளிநாட்டுத் தேர்தலில் எப்போதாவது ஓட்டுப் போட்டீர்களா என்பதும் 20பி-இல் வருகிறது.

இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு விஷயம். விடுதலைப் புலிகள் அமைப்பை அமெரிக்கா 1997-இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. போர்க் காலத்தில் கட்டாய வரி கொடுத்தது, உறவினர் சேர்ந்திருந்தது போன்றவை இருந்தால், இத்தகைய அமைப்புகளோடு தொடர்பைக் கேட்கும் பிரிவு 29-ஐத் தனியாக உட்கார்ந்து நிரப்பாதீர்கள். முதலில் இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரிடம் போங்கள். புகலிடம் கேட்டபோது எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அரசிடம் இருக்கிறது. அதோடு இது ஒத்திருக்க வேண்டும்.

வைகை

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிவு 14: செலக்டிவ் சர்வீஸ், அதாவது கட்டாய ராணுவ அழைப்புக்காக ஆண்கள் பதிந்து வைப்பது. 26 வயதுக்குப் பிறகு முதன்முதலாக அமெரிக்கா வந்தவர்களும், 26 வரை முறையான மாணவர் விசா அல்லது வேலை விசாவில் இருந்தவர்களும் பதிய வேண்டியதில்லை. ஆனால் வெறுமனே "இல்லை" என்று விட்டால் படிவம் திரும்பி வரும். காரணத்தை எழுதுங்கள். பிரிவு 16-இல் உங்களை நன்கு அறிந்த மூன்று பேர், மூவருமாகச் சேர்ந்து கடந்த ஏழு வருடத்தையும் மூட வேண்டும். சொந்தக்காரர் ஆகாது. மனநலம் பற்றிய பிரிவு 21 சாதாரணக் கவுன்சலிங்கைக் கேட்பதில்லை. அதற்குப் பயந்து சிகிச்சையை நிறுத்தாதீர்கள். பிரிவு 22-இல் 300 டாலருக்குக் குறைந்த போக்குவரத்து அபராதம் வேண்டாம், மது அல்லது போதை சம்பந்தப்பட்டது தவிர. பிரிவு 23-இல் கஞ்சா மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும் கூட்டரசுச் சட்டப்படிதான் கேள்வி. தெரிந்தே பொய் எழுதினால் ஐந்து வருடம் வரை சிறை என்று படிவத்திலேயே இருக்கிறது.

கடைசியில் சான்றுரையிலும் தகவல் வெளியீட்டு அனுமதிகளிலும் மின்கையெழுத்து. அழுத்துவதற்கு முன் முழுவதையும் ஒருமுறை படியுங்கள், அழுத்திய பிறகு நாமாகத் திருத்த முடியாது. பாதுகாப்பு அதிகாரி திருப்பி அனுப்பினால்தான் மறுபடி திறக்கும். தப்பு பிறகு தெரிந்தால் உடனே அவரிடம் எழுத்தில் சொல்லுங்கள், நேர்காணல் வரை காத்திருக்க வேண்டாம். கைரேகைக்கு எங்கே எப்போது போக வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு, தள்ளிப்போடாமல் கொடுத்துவிடுங்கள்.

பிடிஎஃப் நகலை இறக்கி வையுங்கள். அதில் உங்களுடையதும் துணைவருடையதும் சமூகப் பாதுகாப்பு எண் இருக்கும், அதனால் அலுவலகக் கணினியிலோ மின்னஞ்சலிலோ விடாமல் கடவுச்சொல் போட்ட கோப்பாகச் சொந்தக் கணினியில் வையுங்கள். நேர்காணலுக்கு முந்தின ராத்திரி எடுத்துப் படிக்க வேண்டியது அதுதான்.